மூலையில் வைத்த மஞ்சள்

சென்ற கிழமை சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணிகளோடு நான் மல்லுக்கட்டிய கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "எல்லாம் சரி, கலியாணம் கட்டினதெண்டு எழுதினியள். பொம்பிளையை ஒரு இடத்திலையும் காணேல்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவளை நானும் நெடுநாள் காணாமல்தான் இருந்தேன்.

ஆகவே அவள் வந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒஸ்லோவில் அம்மருட் என்ற பகுதியில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடி. மாசி மாதமாக இருக்கவேண்டும். வாசலில் ஒதுக்கிவிட்ட பனி அழுக்கேறிச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. மத்தியான நேரம். மகேந்திரன் அண்ணை எங்களை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, முன்கதவைத் திறந்து, நிலையில் தொங்கிய நீலத் திரையை முதுகால் தள்ளியபடி உள்ளே போனேன். பெட்டிகளைக் கட்டிலருகே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வதனி உள்ளே வரவில்லை.

அந்தத் திரை முழங்கால் வரைக்குந்தான் நீளம். அதன் கீழே இரண்டு சப்பாத்துகள் தெரிந்தன. கொழும்பில் அவசரத்துக்கு வாங்கிய மெல்லிய சப்பாத்துகள், பனியில் நனைந்து கறுத்திருந்தன.

"உள்ளுக்கு வாருமன்," என்றேன்.

பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரிக்கும் வாசம் வந்தது. லிஃப்ட் கீழே இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. சப்பாத்துகள் அசையவில்லை.

அவள் முன்பொரு நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு வருமுன் இந்தத் திரையின் கதையைச் சொல்லியாகவேண்டும். பொறுமையில்லாத வாசகர்கள் மன்னிக்கவேண்டும். நானும் பொறுமைசாலி இல்லை, ஆனாலும் காத்திருந்தேன்.

கதவைத் திறந்தால் கட்டில்

சண்டை நின்று, ஊருக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. இங்கிருந்த பொடியள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கலியாணம் கட்டிக்கொண்டு வந்தார்கள். போகும்போது ஆள் மெலிந்திருப்பான், வரும்போது கன்னத்தில் சதை வைத்திருக்கும். நானும் போனேன். சாவகச்சேரியில் வதனியைக் கட்டினேன். விடுமுறை முடிய அவளைத் தாய் தகப்பனோடு விட்டுவிட்டுத் திரும்பினேன். விசா கிடைத்ததும் அவள் வருவதாக ஏற்பாடு.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சந்தான். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டாள். சிரிப்பு வந்தால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நடக்கும்போது செருப்பை இழுக்கமாட்டாள், ஆகையால் அவள் அறைக்குள் வந்தது தெரியாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை மாதம் ஏங்கலாம் என்று கேட்டால், எத்தனை மாதமும் ஏங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி அழைப்பேன்.

"சுகமோ?"

"ஓம்."

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம்."

"அங்கை மழையோ?"

"ஓம்."

வெய்யில் கொளுத்தும் சித்திரையிலும் மழையோ என்றால் ஓம்தான். கதையை வளர்க்க எனக்கும் வராது. தொலைபேசியை வைத்த பிறகுதான் கேட்கவேண்டியதெல்லாம் வாயில் வரும். இவளுக்கு இந்தக் கலியாணம் பிடிக்கவில்லையோ என்று மனம் அரிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

மகேந்திரன் அண்ணை மட்டக்களப்பு ஆள். சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்தவர். வாயால் ஆளைக் கொன்றுவிடுவார், ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். என் வீடு ஒரே அறை. சமையல் ஒரு மூலை, கட்டில் மறு மூலை.

"என்ன மனே, கதவைத் திறந்தா நேரே கட்டில்தான் கிடக்கு. வாற புள்ள முதல் முதல்ல பாக்கிறது கட்டிலயா? ஒரு சீலைத்துண்டையாவது தொங்கவிடு. இல்லாட்டி மறுகா புள்ள உன்னப்பத்தி என்ன நினைக்கும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் போனபிறகு நான் வெளியே போய், லிஃப்டிலிருந்து இறங்கி வருகிறவர்போல் நின்று, வீட்டை ஒருமுறை பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. கட்டில்தான் தெரிந்தது.

நிலவறையில் நீலத் தொட்டி

அந்த லிஃப்டுக்குள்தான் விளம்பரம் ஒட்டியிருந்தது. எங்கள் கட்டடத்தின் நிலவறையில், எல்லோரும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில், கிழமைக்கு ஒரு மாலை சாயம் போடப் பழக்குகிறார்களாம். யப்பானிய முறையாம். படத்தில் ஒரு வாசல், வாசலில் நடுவே பிளந்த நீலத் திரை. கடையில் போய் ஒரு திரை வாங்கியிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையால் ஏதாவது செய்தால் அவளுக்கு நான் யாரென்று தெரியும் என்று நினைத்தேன்போல.

போனால் எல்லோரும் நோர்வேஜியப் பெண்கள். ஒருத்தி மேசைவிரிப்பு, ஒருத்தி விளக்குக்கூடு, இன்னொருத்தி மலைக்குடிலின் கதிரைகளுக்கு மெத்தை உறை என்று திட்டத்தோடு வந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் ஆண். சாக்கடை அடைப்பெடுக்க வந்தவன் என்று நினைத்து ஒரு பெண் எனக்குக் குழாயைக் காட்டினாள்.

பழக்கியவள் யூகோ. யப்பானிலிருந்து நோர்வேக்காரனைக் கட்டி வந்தவள். வயதில் எனக்கு இளையவள். அவளுடைய நோர்வேஜியமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. ஆகையால் ஒருவர் பேசியது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

"எங்களிடம் இதைச் செய்ய நீலச்செடியின் இலையை மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள்," என்றாள் யூகோ. "இங்கே யாருக்கு நேரம்? நான் தூளில் செய்கிறேன். முன்பு உடுப்புக்குப் போட்டதை இப்போது மெத்தை உறைக்குப் போடுகிறோம். நீலத்துக்கு அதெல்லாம் தெரியாது."

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சாயம் இருந்தது. மூடியைத் திறந்தால் கூழ் முட்டை நாற்றம். மேலே செம்பு நிறத்தில் ஒரு படலம், அதை விலக்கினால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர். நீலத்தைக் காணவே இல்லை. துணியை முக்கி எடுத்தபோது அது பச்சையாகத்தான் வந்தது. காற்றுப் பட்டதும் கண்முன்னே ஓரத்திலிருந்து நீலமாகத் தொடங்கியது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வதனிக்கு இதைக் காட்டவேண்டும்போல் இருந்தது. அது ஆசை என்றும் சொல்லமுடியாது, ஒரு வலி.

வாசலில் தொங்கும் அந்தத் திரைக்கு நோரென் என்று பெயர். யூகோ அதைப் பற்றிச் சொன்னது மனதில் நின்றுவிட்டது.

"எங்கள் ஊரில் கடை திறந்ததும் இதைத் தொங்கவிடுவார்கள். பூட்டும்போது கழற்றிவிடுவார்கள். இது தொங்கினால், உள்ளே வாருங்கள் என்று அர்த்தம்."

ஆஸ்பத்திரித் துணி

நான் வேலை செய்த சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள் வரும். நைந்துபோனவற்றைத் துடைப்பதற்கென்று ஒதுக்கிவிடுவார்கள். நல்ல தடித்த பருத்தி. மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒன்றை எடுத்துவந்தேன். அந்த ஞாயிறு தொலைபேசியில், பேச ஒன்றுமில்லாமல், அதையே பேசினேன். வாசலுக்கு ஒரு திரை செய்கிறேன், சாயம் இப்படி, துணி இங்கிருந்து என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"என்ன துணி?"

ஓம் என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"ஆஸ்பத்திரியிலை விரிக்கிறது. நல்லாத் தோய்ச்சது."

"உங்களுக்கென்ன விசரே? ஆர் ஆர் கிடந்து உழண்ட துணியோ! அதையோ வாசல்லை தொங்கவிடப் போறியள்? நான் அதுக்குக் கீழாலை குனிஞ்சு வரவேணுமோ?"

அவள் பேசட்டும் என்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"புதுத்துணி வாங்குங்கோ. வாங்கி, தண்ணியிலை போடமுதல் மூலையிலை மஞ்சள் வையுங்கோ. அந்த மூலைக்குச் சாயம் போகாமல் இறுக்கிக் கட்டுங்கோ. மஞ்சள் தெரியவேணும். கேக்கிறியளோ?"

"ஓம்," என்றேன்.

ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்டவன் ஒஸ்லோவில் வேறு ஒருவனும் இருந்திருக்கமாட்டான். அன்றைக்கு இரண்டு தரம் தேத்தண்ணி போட்டேன், இரண்டு தரமும் சீனி போடாமல் குடித்தேன். கசந்தது. குடித்தேன்.

கடலையும் கட்டு நூலும்

புது வெள்ளைத் துணி ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் வாங்கினேன். மகேந்திரன் அண்ணை வீட்டிலிருந்து மஞ்சள்தூள் வாங்கிக் குழைத்து, கீழ் மூலையில் விரலால் ஒரு பொட்டு வைத்து, காயவிட்டு, அந்த மூலையை நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டினேன்.

துணிக்குள் சிறிய மணிகளை வைத்துக் கட்டினால் கட்டிய இடத்தில் வெள்ளை வளையங்கள் விழும் என்று யூகோ சொல்லியிருந்தாள். மணிகளுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் காய்ந்த கடலை இருந்தது. ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினேன். கடலை தண்ணீரில் ஊறும் என்பது கறிக்குப் போடும்போது மட்டும் ஞாபகம் வருகிற விசயம் போலிருக்கிறது. சாயத்துக்குள் கிடந்து அவை வீங்கி, நூலை இறுக்கி, முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரியால் வெட்டவேண்டி வந்தது. உள்ளிருந்து நீலக் கடலைகள் உருண்டு ஓடின. அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வளையங்கள் மட்டும் நன்றாக விழுந்திருந்தன.

கடைசியாக மூலையை அவிழ்த்தேன். வெள்ளைத் துண்டின் நடுவே பொட்டு இருந்தது. மஞ்சளாக இல்லை. இரத்தச் சிவப்பு.

யூகோ பதறிவிட்டாள். "கையை வெட்டிக்கொண்டாயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சாயத் தொட்டியில் காரம் உண்டு, அது நூலுக்குள்ளால் கசிந்து மஞ்சளைத் தொட்டிருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை எங்கள் ஆட்கள் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆலாத்தித் தண்ணீர் அப்படித்தானே கரைப்பது. பொம்பிளை மாப்பிளை வாசலுக்கு வந்தால் இரண்டு சுமங்கலிகள் தட்டில் அந்தச் சிவப்புத் தண்ணீரோடு நிற்பார்கள். சுற்றி எடுத்து, நெற்றியில் தொட்டுவைத்த பிறகுதான் உள்ளே போகலாம்.

யூகோவுக்கு இதை நொண்டி மொழியில் விளக்கினேன். விளங்கியதோ இல்லையோ, கடைசி அலசலுக்கு அவள் வினாகிரி ஊற்றிய தண்ணீரில் துணியைப் போட்டாள். புளிப்புப் பட்டதும் பொட்டு திரும்ப மஞ்சளாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வதனியிடம் சொன்னேன். மறுபக்கத்தில் ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

"அப்ப, நான் வரமுதலே அங்கை ஆலாத்தி எடுத்தாச்சு," என்றாள்.

இதற்கிடையில் என் நகங்களிலும் நீலம் ஏறியிருந்தது. கழுவக் கழுவப் போகவில்லை. வெறுங்கையால் வெள்ளைத் துணி தொடக்கூடாது என்று வேலையிடத்தில் எனக்குக் கையுறை மாட்டிவிட்டார்கள்.

அவள் கேட்ட கேள்வி

பிறகு ஒருநாள், ஞாயிறு அல்லாத ஒரு நாளில், தொலைபேசி அடித்தது. சந்தியில் இருந்த கொமினிக்கேசன் கடையிலிருந்து வதனி.

"வீட்டிலை கதைக்க ஏலாது," என்றாள். "அப்பா, அம்மா, மாமி எல்லாரும் சுத்திவர இருந்து என்ரை வாயைத்தான் பாக்கினம். அதுதான் ஓம் ஓமெண்டு நிக்கிறனான்."

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. இறங்கி முடியவில்லை, அதற்குள் அவள் கேட்டாள்.

"நான் வராமல் விட்டா என்ன செய்வியள்?"

"ஏன், வர விருப்பமில்லையோ?"

"அப்பிடியில்லை. அப்பாவுக்குச் சுகமில்லை. எல்லாத்தையும் விட்டிட்டு ஒரு பனிக்குள்ளை வரச் சொல்லுறியள். எனக்கு உங்களை வடிவாத் தெரியாதெல்லே?"

நல்ல கணவன் என்றால் அந்த இடத்தில் எவ்வளவோ சொல்லியிருப்பான். என் வாயில் வந்தது இதுதான்.

"துணி கிடக்கு."

"என்ன?"

"அந்தத் துணி. மடிச்சு அலுமாரிக்குள்ளை கிடக்கு. நீர் வந்தாத்தான் தொங்கவிடுறதெண்டு வைச்சிருக்கிறன்."

அதோடு தொடர்பு அறுந்துபோயிற்று. அவள் வைத்தாளா, தானாக அறுந்ததா என்று தெரியவில்லை. ஒரு பெண் உயிரைக் கொடுத்துக் கேட்ட கேள்விக்கு மனிசன் சொல்லுகிற பதிலா இது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு ஊரில் திரும்பச் சண்டை தொடங்கி, பாதையும் பூட்டுப்பட்டது. அவளுக்கு விசா கிடைத்திருந்தது, ஆனால் ஊரைவிட்டு வெளிக்கிட வழியில்லை. தொலைபேசி போனால் போகும், பல நாள் போகாது.

அங்காடியில் யூகோவைச் சந்தித்தால் அவள் முதல் கேட்பது, "தொங்கவிட்டாயா?" என்பதுதான்.

"இன்னும் இல்லை."

"ஒரே மடிப்பில் வைக்காதே. மடித்த கோட்டில் நீலம் உதிர்ந்து வெள்ளை விழும். அடிக்கடி மாற்றி மடி."

ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையைச் சுரண்டி அடித்துப் பார்ப்பேன். மணி போகாது. பிறகு அலுமாரியைத் திறந்து, துணியைக் கட்டிலில் விரித்து, வேறு விதமாக மடித்து வைப்பேன். அதில் சாயமும் வினாகிரியும் கலந்த ஒரு மணம் இருந்தது. நாளாக நாளாகக் குறைந்தது. முகத்தைப் புதைத்துத் தேடவேண்டி வந்தது. அந்த ஞாயிறுகளில் அவளை நான் எவ்வளவு தேடினேன் என்பதை அவளுக்கே இதுவரை சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஒருநாள் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்துவிட்டாளாம்.

"வெளிக்கிட்டிட்டன்," என்றாள். அவ்வளவுதான்.

மகிழ்ச்சியில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு முள்ளும் குத்தியது. சண்டைக்குப் பயந்து வருகிறாளா, என்னிடம் வருகிறாளா? பயந்து வந்தாலும் குற்றமில்லை, உயிர் தப்பினால் போதும். இருந்தாலும் எனக்குத் தெரியவேண்டும்போல் இருந்தது. கேட்கிற தைரியம் வரவில்லை. அவளை அழைத்துவரப் போன நாள் காலையில், கதிரையில் ஏறி நின்று, திரையைத் தொங்கவிட்டேன்.

திரைக்குக் கீழே

இப்போது திரும்ப ஒன்பதாம் மாடிக்கு வருவோம். நான் உள்ளே நிற்கிறேன். திரைக்குக் கீழே நனைந்த சப்பாத்துகள். விமான நிலையத்திலிருந்து வழிநெடுக மகேந்திரன் அண்ணைதான் பேசிக்கொண்டு வந்தார்.

வராமல் விட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி, வாசல்வரை வந்து அங்கே நிற்கிறது என்றே எனக்குப் பட்டது.

அப்போது திரையின் ஓரத்தில் விரல்கள் தெரிந்தன. கீழ் மூலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தன.

"உதுதானோ அந்த மஞ்சள்?"

"ஓம்."

இருட்டு அலுமாரிக்குள் கிடந்ததால் பொட்டு மங்காமல் இருந்தது.

"சவுக்காரம் இருக்கோ?"

"ஓம்."

"ஒரு கோப்பையிலை தண்ணியும்?"

"ஓம்."

"ஓமைவிட வேறை ஒண்டும் வராதோ உங்களுக்கு?"

குளியலறைச் சவுக்காரக் கட்டியையும் தண்ணீரையும் திரைக்குக் கீழால் நீட்டினேன். அவள் குந்தியிருந்து அந்த மூலையை நனைத்துச் சவுக்காரத்தைத் தேய்த்தாள். எனக்கு அவளுடைய கைகள் மட்டுந்தான் தெரிந்தன. சவுக்காரத்தின் காரம் பட்டுப் பொட்டு மெல்ல மெல்லச் சிவந்தது. ஈரத்தில் பரவி, பக்கத்து வெள்ளையிலும் சிவப்பு ஏறியது.

"இஞ்சை சுமங்கலியளுக்கு நான் எங்கை போவன்," என்று அவள் திரைக்கு அப்பால் சொல்வது கேட்டது. "நீங்களே வையுங்கோ."

திரையின் பிளவுக்குள்ளால் கையை நீட்டினேன். சிவந்த ஈரத்தில் விரலைத் தொட்டு, அவள் கிட்டக் கொண்டுவந்த நெற்றியில், பார்க்காமலே வைத்தேன். நெற்றி குளிர்ந்துபோய் இருந்தது.

"அண்டைக்கு ஒரு கேள்வி கேட்டனான் எல்லே," என்றாள். "துணி கிடக்கு எண்டு சொன்னியள்."

"ஓம்."

"பாதை பூட்டிக் கிடக்கேக்கை எனக்கு அந்த ஞாபகம்தான். ஆரோ ஒருதர் எனக்கெண்டு ஒண்டை மடிச்சு வைச்சுக்கொண்டிருக்கிறார் எண்டு. அதைப் பாக்கத்தான் வந்தனான்."

அவள் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைப்பது திரைக்குக் கீழே தெரிந்தது. கொஞ்சம் தாமதித்தாள். பிறகு ஈரமான காலுறையோடு, வலது கால் முதலில் வந்தது.